கப்பித்தானின் முட்டை வட்டம்

இடப்பக்கமாகச் சுற்றும்போது மட்டும் வட்டம் முட்டையாகிவிடுகிறது. ஏன் என்று ராகினிக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மணல் திடலின் ஓரத்தில் நின்று அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயர் ஈத்தாம் மலையடியில் இருக்கும் அந்தக் குதிரையேற்ற கிளப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் மணலை வாரிச் சமன்படுத்திவிடுவார்கள். அதனால் குதிரை எங்கே போனது என்பதைக் குளம்படிகளே எழுதி வைத்துவிடும். போட வேண்டியது இருபது மீட்டர் வட்டம். திடலின் ஒரு கோடியில் போடுவதால் மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் திறந்த மணல். வேலியோரம் எல்லாம் ஒழுங்காகவே போகிறது. திறந்த பக்கத்துக்கு வந்ததும் குதிரையின் வலத் தோள் வெளியே வழிகிறது. வட்டம் அங்கே பிதுங்கிவிடுகிறது. போன மாதமும் அப்படித்தான், அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான்.

குதிரையின் பெயர் கப்பித்தான். பழுப்பு நிறம், பதினொரு வயது. பந்தயத்தில் ஓடி முடித்த பிறகு கிளப்புக்கு வந்தது. ராகினிக்கு நாற்பத்திரண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். தராசோ வெப்பமானியோ, அது காட்டும் எண் உண்மைதானா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது அவள் வேலை. நாலு வருடமாகச் சனி ஞாயிறுகளில் கப்பித்தான் மேல்தான் சவாரி பழகுகிறாள்.

இந்த முறை மூன்று நாள் கிளினிக். கிளினிக் என்றதும் ஆபீஸில், "யாருக்கு ஊசி, உனக்கா குதிரைக்கா?" என்று கேட்டார்கள். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் வந்து, குதிரையையும் சவாரி செய்பவரையும் சேர்த்தே பார்த்து, என்ன பிழை என்று சொல்லித் திருத்துவதற்குத்தான் அந்தப் பெயர். வந்தவர் ஸுல்கிஃப்லி. ஐரோப்பாவில் ஆறு வருடம் செவ்வியல் சவாரி கற்றவர். அந்த முறையில் குதிரையை இழுத்துத் திருப்புவதில்லை. உட்கார்ந்திருக்கும் எடை, காலின் மெல்லிய அழுத்தம், அதன்பிறகுதான் கடிவாளம். இடுப்பை ஒரு விரலளவு நகர்த்தினால் அரை டன் மிருகம் அதைக் கேட்டுத் திரும்புகிறது. இது எப்படி நடக்கிறது என்று நினைக்க நினைக்க ராகினிக்கு அலுப்பதேயில்லை.

ஆனால் முதல் நாள் அவள் மூன்று சுற்று முடிப்பதற்குள் ஸுல்கிஃப்லி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இது நேர்மையில்லாத குதிரை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னது அவளிடம் அல்ல. அவள் தலைக்கு மேலாக, வேலிக்கு வெளியே நின்ற மேலாளர் யுகேந்திரனிடம். "வலப்பக்கம் சுற்றும்போது பாருங்கள், சொன்னதைக் கேட்கிறது, உள்ளே வளைகிறது. இடப்பக்கம் வந்தால் ஏமாற்றுகிறது. தெரிந்தே செய்கிறது."

யுகேந்திரன் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். அந்தக் குறிப்புதான் விவகாரம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆறு குதிரைகள் போதும் என்று கிளப் முடிவெடுத்திருந்தது. இருப்பவை ஏழு. பயிற்சியாளர் எதை வேண்டாம் என்கிறாரோ அதை ஏற்றிப் போக ஞாயிறு மாலை பட்டர்வொர்த்திலிருந்து லாரி வரும். போன வருடம் அந்த லாரியில் போன சாம்பல் குதிரை என்ன ஆனது என்று ராகினி நாலு தடவை விசாரித்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சை மட்டும் மாற்றினார்கள்.

"ஏமாத்துதாம்," என்றாள் ராகினி, சேண அறைக்குள் வந்ததும். "குதிரைக்கு ஏமாத்தி என்ன கிடைக்கும், சம்பள உயர்வா?"

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அலாவுதீன் சிரித்தார். இருபது வருடமாக அங்கே இருப்பவர். "கோவப்படாதம்மா. பெரிய மனுசன் சொல்லிட்டாரு. யுகேந்திரன் தம்பி அதைச் சட்டம்னு எடுத்துக்கும்."

"பெரிய மனுசன் மூணு சுத்துதாண்ணே பாத்தாரு. நான் தெர்மாமீட்டரையே முப்பது தடவ பாத்துட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னு எழுதுவேன்."

சனிக்கிழமை கோபம் இன்னும் ஏறியது. ஸுல்கிஃப்லி தானே கப்பித்தான் மேல் ஏறினார். அங்கவடி வார்களை நீளமாக்கி, "இரண்டு பக்கமும் ஒன்பதாவது துளை," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அங்கவடி என்பது கால் வைக்கும் இரும்பு வளையம். அது தோல் வாரில் தொங்கும். வாரில் வரிசையாகத் துளைகள் உண்டு. எந்தத் துளையில் கொக்கியை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து நீளம். அந்தக் கிளப்பில் எல்லாரும் துளையைத்தான் எண்ணுவார்கள்.

அவர் இடப்பக்கம் சுற்றினார். திறந்த பக்கம் வந்ததும் கப்பித்தான் வெளியே வழியப் பார்த்தது. அவர் வலது கடிவாளத்தை இறுக்கி, வலத் தோளில் சவுக்கால் இரண்டு தட்டுத் தட்டினார். வட்டம் வட்டமாயிற்று. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

"பார்த்தீர்களா? முடியும். மனமில்லை, அவ்வளவுதான்."

ராகினி கை தட்டவில்லை. மணலைப் பார்த்தாள். நன்றாக வளைந்து போகும் குதிரையின் பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த இடத்திலேயே விழும். இங்கே பின்குளம்புகள் ஒரு சாண் உள்ளே தள்ளி விழுந்திருந்தன. அதாவது குதிரை வளையவே இல்லை. கழுத்து ஒரு பக்கமும் உடம்பு வேறு பக்கமுமாக முறுக்கிக்கொண்டு அடிக்குப் பயந்து ஓடியிருக்கிறது. நுரை முழங்கால் வரை வழிந்திருந்தது. இதற்கா ஆறு வருடம் படித்தார்?

"சார், பின்கால் தடத்துல விழல," என்றாள்.

ஸுல்கிஃப்லி அவளை அப்போதுதான் பார்த்தார். "மேடம், சில சவாரிக்காரர்கள் குதிரைமேல் பாசம் வைக்கிறார்கள். பாசம் கண்ணை மறைக்கும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். யுகேந்திரனும் சிரித்தான். அவனைச் சிரிக்கவிட்டு ராகினி சேண அறைக்குப் போனாள். முகம் எரிந்தது. பாசமாம். சரி, பாசம் வேண்டாம். அளந்து பார்ப்போம்.

மத்தியான மழை விட்டதும் திடல் காலியாக இருந்தது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். கூட வந்தவள் நிலானி, அதே குதிரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகும் பல் மருத்துவர்.

"அக்கா, லீவு நாள்ல கூட டேப்பைத் தூக்கிட்டுத் திரியிறது நீங்க ஒருத்தர்தான் லா."

"நீ பல்லைப் பாக்காம வாயை மூடச் சொல்லுவியா? அந்த நுனியைப் பிடி."

நிலானி கப்பித்தான் மேல் ஏறி இடப்பக்கமாகச் சுற்றினாள். முட்டையின் நீளம் இருபத்திரண்டு மீட்டர். வலப்பக்கமாகச் சுற்றினாள். யாரும் இதுவரை குறை சொல்லாத அந்த வட்டத்தையும் அளந்தார்கள். பதினெட்டு. வட்டம் சிறுத்திருந்தது. 'சொன்னதைக் கேட்கிறது' என்று ஸுல்கிஃப்லி பாராட்டியது இதைத்தான்.

ராகினி நாடாவைச் சுருட்டாமல் நின்றாள். இடப்பக்கம் சுற்றும்போது வட்டத்தின் வெளிப்புறம் குதிரைக்கு வலது. வலப்பக்கம் சுற்றும்போது வட்டத்தின் உட்புறம் குதிரைக்கு வலது. ஒன்றில் இரண்டு மீட்டர் கூடுகிறது, மற்றதில் இரண்டு மீட்டர் குறைகிறது. இரண்டிலும் குதிரை செய்வது ஒன்றேதான்: வலப்பக்கம் நகர்கிறது. ஒரே பக்கம், ஒரே அளவு. சண்டித்தனம் செய்யும் மிருகம் இன்றைக்கு இப்படி, நாளைக்கு அப்படி என்று செய்யும். எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு தவறினால், அவள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கருவியில் கோளாறு.

"அலாவுதீன் அண்ணே, நீங்க சேணம் இல்லாம ஏறிச் சுத்துங்க."

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் முதுகில் ஏறினார். இரண்டு பக்கமும் சுற்றினார். இருபது, இருபது. "நான் தெனமும் குளிப்பாட்ட இப்பிடித்தான் கூட்டிட்டுப் போறேன். இவன் நேராத்தான் போவான்," என்றார்.

"இத ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்ல முடியும். கேட்டாங்களா?"

நாலு வருடத்தில் அவளும் கேட்டதில்லை.

அடுத்து சேணம் போட்டு, அங்கவடியில் கால் வைக்காமல் தானே ஏறினாள். இருபது, இருபது. சேணத்திலும் கோளாறில்லை, உட்காருவதிலும் கோளாறில்லை. கால் வைத்தாள். இருபத்திரண்டு.

இறங்கி இரண்டு வார்களையும் கழற்றினாள். சேண அறைக்குள் எடுத்துப்போய் இரண்டையும் ஏழாவது துளையில் மாட்டி, ஒரே ஆணியில் சேர்த்துத் தொங்கவிட்டாள். இரும்பு வளையங்கள் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. இடது வளையம் கீழே தொங்கியது. நாடாவை வைத்தாள். இருபத்துமூன்று மில்லிமீட்டர்.

எண் ஒன்றுதான். நீளம் ஒன்றில்லை. குதிரையில் எல்லாரும் இடது காலை வைத்துத்தான் ஏறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முழு உடம்பின் எடையும் இடது வாரில் தொங்குகிறது. தோல் இழுபடும். அதற்காகத்தான் மற்ற இடங்களில் ஏறுவதற்கு மரக்கட்டைப் படி வைத்திருப்பார்கள். இங்கே அதை யுகேந்திரன் தூக்கிப் போட்டுவிட்டான். கட்டையில் ஏறுவது வயசானவர்களுக்கு, நம் கிளப்பில் தரையிலிருந்துதான் ஏறுவோம் என்று அவனுக்குப் பெருமை. வலது வார் குட்டையாக இருப்பதால் சவாரி செய்பவரின் எடை வலது காலில் ஏறுகிறது. முதுகில் எடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குதிரை அந்தப் பக்கம் நகர்ந்து அதைத் தாங்கப் பார்க்கும். தலையில் குடம் சாய்ந்தால் நாமும் அந்தப் பக்கம்தானே கால் வைப்போம். எடைக்குத் திரும்பு என்று ஆறு வருடம் படித்தவர் சொல்லிக்கொடுத்ததை அந்த மிருகம் ஒழுங்காகச் செய்தது. அதற்குத்தான் சவுக்கடி.

ஆனாலும் வார்கள் எப்போதாவது இடம் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றுபோல் நீண்டிருக்குமே. ஏன் மாறவில்லை?

தலையைத் தூக்கினாள். சுவரில் இரண்டு ஆணிகள். ஒவ்வொன்றின் மேலும் சின்ன வெள்ளை முத்திரை. ஒன்றில் 'எல்', ஒன்றில் 'ஆர்'. மூன்று வருடத்துக்கு முன்னால், அறை குப்பையாகக் கிடக்கிறது என்று சொல்லி, தொழிற்சாலை இயந்திரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டியது அவளேதான். அன்று முதல் அலாவுதீன் எண்ணெய் போட்டுத் துடைத்து, இடதை இடதிலும் வலதை வலதிலும் தவறாமல் மாட்டிவருகிறார்.

"நல்லாத்தாம்மா ஒட்டியிருக்கு. மூணு வருசமா உரியவே இல்ல," என்றார் அலாவுதீன்.

ராகினி நகத்தால் முதல் முத்திரையைச் சுரண்டத் தொடங்கினாள். இத்தனை நேரம் ஸுல்கிஃப்லி மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதில் பாதி அளவு தன் மேலும் வந்து சேர்ந்தது.

ஞாயிறு காலை அவள் முறை வந்தது. வேலியோரம் யுகேந்திரன் போனை வைத்துக்கொண்டு, "அஞ்சு மணிக்கு லாரி, ஓகே," என்று பேசிக்கொண்டிருந்தான். ஸுல்கிஃப்லி சேணத்தைப் பார்த்தார். "உங்கள் அங்கவடி சமமில்லை. இடப்பக்கம் ஒரு துளை மேலே இருக்கிறது. இறங்கிச் சரிசெய்யுங்கள்."

"துளை சமமில்ல சார். நீளம் சமம்." இடுப்பிலிருந்து நாடாவை எடுத்து நீட்டினாள். "அளந்து பாருங்க."

"நேரம் போகிறது, மேடம்."

"மூணு நாளா இத நேர்மையில்லாததுன்னு சொல்ல நேரம் இருந்துச்சு. சாயந்தரம் லாரி வருது. அளக்க அரை நிமிசம்."

யாரும் சிரிக்கவில்லை. நிலானி மட்டும் வேலிக்கு வெளியே இருமினாள். ஸுல்கிஃப்லி நாடாவை வாங்கினார். இடப்பக்கம் அளந்தார், வலப்பக்கம் போய் அளந்தார், திரும்ப இடப்பக்கம் வந்தார். நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

அவள் இடப்பக்கமாகச் சுற்றினாள். திறந்த பக்கம் வந்தது. கடிவாளத்தை இறுக்கவில்லை, இடுப்பை மட்டும் லேசாகத் திருப்பினாள். கப்பித்தான் கழுத்தைத் தாழ்த்தி, முதுகைத் தளர்த்தி, அப்படியே வளைந்து வந்தது. நாலு சுற்று. இறங்கியதும் நாடாவின் ஒரு நுனியை யுகேந்திரன் கையிலேயே கொடுத்தாள்.

"இருபது," என்றான் அவன்.

"பின்கால் தடத்தையும் பாரு தம்பி."

அவன் பார்த்தான். ஸுல்கிஃப்லி குனிந்தே பார்த்தார். நிமிர்ந்து, "இந்தக் குதிரையைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள்," என்று யுகேந்திரனிடம் சொன்னார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. குதிரையின் வலத் தோளில், சவுக்கு பட்ட இடத்தில், கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். ராகினிக்கு அது போதவில்லை. ஆனால் யுகேந்திரன் அவள் எதிரிலேயே போனை எடுத்து, "ஹலோ, லாரி வேணாம். ஏழும் இங்கயே இருக்கட்டும், கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான். அதுவரை நகராமல் நின்றாள்.

"அந்தக் கட்டைப் படிய எங்க போட்ட?"

"ஸ்டோர்ல இருக்குக்கா."

"எடுத்துட்டு வா லா."

மத்தியானம் சேண அறைச் சுவரில், முத்திரைகளைச் சுரண்டிய இடத்தில், தடித்த பேனாவால் எழுதிய ஒரு தாளை ஒட்டினாள்: 'ஏறும்போது கட்டைப் படியில் நின்று ஏறவும். திங்கள்தோறும் இடது வாரையும் வலது வாரையும் இடம் மாற்றி மாட்டவும். துளையை எண்ண வேண்டாம். இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு நாடாவால் அளக்கவும்.'