இலைவிளிம்பில் ஒரு மஞ்சள்

இலையின் விளிம்பில் தெரிந்த மஞ்சளை வெயிலின் விளையாட்டு என்றுதான் தையல்காரர் முதலில் நினைத்தார். நிழல்வலையைச் சற்றே இழுத்துவிட்டார், மஞ்சள் நகரவில்லை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, எண்ணெய் பட்ட காகிதம்போல அந்த இடம் மட்டும் ஒளியை உள்ளே விட்டது. 

தங்கையின் அறுவைச் சிகிச்சைக்குத் துணையாகப் போயிருந்த மனைவி, மூன்று வாரம் கழித்து இன்று மதியப் பேருந்தில் திரும்புகிறாள். மாடியில் வரிசையாக நிற்கும் முப்பத்திரண்டு அந்தூரியங்களும் அவள் விதையிலிருந்து எடுத்தவை. பூவுக்காக வளர்க்கும் சிவப்பு வகை அல்ல. இலைக்காகவே வளர்க்கப்படும் இனம். கரும்பச்சை வெல்வெட்டில் வெள்ளி நரம்போடிய, இரு கை அகலத்து இலைகள். பதினோரு வருட உழைப்பு. அடுத்த மாதம் தாவரவியல் தோட்டத்தார் வந்து பாதியை எடுத்துப்போக இருந்தார்கள். வளர்த்தவர் என்று அவள் பெயரைப் பலகையில் எழுதுவார்களாம். அதைச் சொன்ன அன்று அவள் இரண்டு முறை தலை வாரிக்கொண்டாள்.

புறப்படும் முன் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள். மரப்பட்டையும் கரியும் பாசியும் சேர்ந்த கலவை காயவும் கூடாது, ஊறிக் கிடக்கவும் கூடாது, மழைத்தண்ணீர் மட்டுமே, இலைமேல் ஊற்ற வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு: ஒரு செடியை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் முக்காமல் அடுத்த செடியைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அவர் கீழ்ப்படிந்தார். ஆனால் பத்து நாட்களுக்கு முன் ஒரு பிற்பகலில், உலர்ந்த பூத்தண்டுகளும் காய்ந்த காம்புகளும் வரிசை நெடுகத் தொங்குவதைக் கண்டார். தைத்து முடித்த சட்டையில் பிசிறு தொங்கினால் பொறுக்காத கை அது. முப்பது வருடப் பழக்கம். கழுத்துக் கயிற்றில் கிடந்த நூல்வெட்டியை எடுத்து, முதல் தொட்டியில் தொடங்கிக் கடைசித் தொட்டி வரை டக் டக்கென்று நறுக்கிக்கொண்டே போனார். விலகி நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது. படியிறங்கும்போதுதான் அந்த இரட்டைக் கோடு நினைவுக்கு வந்தது.

மஞ்சள் கண்டிருப்பது அந்த முதல் தொட்டியில்.

மற்ற முப்பத்தொன்றையும் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு மறுவும் இல்லை. அந்தத் தூய்மைதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. கத்தி வழியே பரவும் அந்த நோய் செடிக்குள் புகுந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். முன்பொரு முறை, இதேபோன்ற இலையோடு ஓடிவந்த ஒரு பெரியவரிடம் கண் இமைக்காமல் சொன்னாள்: "மொத்தத்தையும் எரிச்சிடுங்க. பாவம் பாத்தா பரவும்." அந்தப் பெரியவர் அப்புறம் செடி பக்கமே போகவில்லை.

நேற்றும் தொலைபேசியில் கேட்டாள்: "என்னங்க, செடிங்கல்லாம் உசுரோட இருக்கா? இல்ல எல்லாத்துக்கும் பட்டன் வெச்சுத் தச்சுட்டீங்களா?"

"எல்லாம் நல்லா இருக்கு. நீ பத்திரமா வந்து சேரு."

முதல் தொட்டியை மட்டும் அப்புறப்படுத்திவிட்டால்? கை தவறி உடைந்தது என்றால் நம்புவாள். ஊசியை விட்டால், அவருடைய கை தவறுதலுக்குப் பேர் போனது. தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி வரை வந்தபோது, கீழிருந்து அவள் ஏறிவந்துகொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"வெயில் படுதேன்னு..."

"பொய் சொன்னா உங்க காது செவக்கும். முப்பது வருஷமா பாக்கறேன், இன்னும் சரியா பொய் சொல்லக் கத்துக்கல." சிரித்துக்கொண்டே வந்தவளின் கண் இலையில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இதுலதான் ஆரம்பிச்சேன்," என்றார். "நூல்வெட்டியால. ஒரே மூச்சுல வெட்டிட்டேன். முக்கல."

"எத்தன?"

"எல்லாத்தையும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி, நோயுற்ற இலையின் காம்பை வெட்டினாள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி காம்பைக் கிளிப்பால் விளிம்பில் மாட்டி, கைப்பிடிச் சுவரில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்தாள்.

"அந்த நோவா இருந்தா வெட்டுவாய்லேருந்து பால் மாதிரி இறங்கும். வெறும் கருகலா இருந்தா ஒண்ணும் வராது. அஞ்சு நிமிஷம்."

"இறங்கினா?"

அவள் வரிசையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள்.

"என் கண்ண நான் நம்பல. ஊசி கோக்கற கண்ணு உங்களோடது. நீங்க பாருங்க. பாத்தத அப்படியே சொல்லுங்க." சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் குனிந்து முகத்தை அருகே கொண்டுபோனார். காம்பின் அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பதறி விலகினார், அவருடைய மூச்சுதான் தம்ளரின் வெளிப்புறத்தில் படிந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்தார். மறுபடி குனிந்தார். மறுபடியும் படிந்தது.

"என்ன தெரியுது?" பின்னாலிருந்து அவள் குரல் மிக மெதுவாக வந்தது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். கண்ணாடியின் மேலிருந்த ஆவி விளிம்புகளிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகக் காம்பின் முனைக்கு நேரே ஒரு சிறு வெண்வட்டம் மட்டும் நின்றது. அதுவும் கலைவதற்காக அவர் காத்திருந்தார்.