அடுப்புக்குள் மஞ்சள்

தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து லேபுக்குள் நுழைந்தால் என் மேஜை காலி. பழைய மைக்ரோவேவ் அடுப்பைக் காணோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சின்னக் கம்பெனி பெயிண்டுக்கு நிறப்பொடி செய்து விற்றது. எண்ணெய்ச் சட்டியில் நாளெல்லாம் காய்ச்ச வேண்டியதை அந்த அடுப்பு நொடியில் முடித்துவிடும், பொடியும் மாவை விட நயமாக வரும். சமையலுக்கென்று விற்கிற அடுப்புதான். தொண்ணூற்றாறில் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் அது கிடையாது. ஆனால் நான் அதில் காய்ச்சியது காட்மியம்.

முதலாளி வீரராகவனிடம் கேட்டேன்.

“புதுசு வந்துடுத்தே ஜெயகுமாரி. பழசை ஆயுத பூஜையன்னிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு வாட்ச்மேன் வேம்புலிக்குக் குடுத்துட்டேன். அவன் பொண்ணு முழுகாம இருக்காளாம், பால் சுட வெச்சுக்கட்டும்.”

“அதுல காட்மியம் காய்ச்சினோம் சார். விஷம்.”

“தொடச்சுதானே குடுத்தேன். தானம் குடுத்த மாட்டை அவனே பல்லைப் புடிச்சுப் பாக்கல, நீ ஏன் பாக்கறே?”

இந்த மனுஷனிடம் பேசுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்று. பையைத் தூக்கிக்கொண்டு, வேம்புலியின் வீடு இருக்கிற பட்டாபிராமுக்கு ரயில் ஏறினேன். ஆவடியில் வண்டி நின்றது நின்றபடியே கிடந்தது. எதிரே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவரைக்கூடத் திட்ட வேண்டும் போலிருந்தது.

வேம்புலி ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் மனைவி கன்னியம்மா பெருமையாக அடுப்பைக் காட்டினாள். சாமி படத்துக்குக் கீழே, மாலையோடு இருந்தது. மகள் நாகவல்லி நிறைவயிற்றோடு சுவரில் சாய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தேன். தட்டு பளிச்சென்று இருந்தது. மேல்பக்கத்தில் மட்டும் மஞ்சள் திட்டுத்திட்டாக அப்படியே ஒட்டியிருந்தது.

“இதை ஏன் தொடைக்கல?”

“பூஜைல வெச்ச மஞ்சளாச்சே மா. அத்தப் போயி தொடைப்பாங்களா? லச்சுமி பூடுவா.”

பாலின் ஆவி மேலே படிந்து, அந்த மஞ்சளைக் கரைத்து, திரும்பப் பாலிலேயே சொட்டியிருக்கிறது.

“நாகவல்லி, கீழ வை. இது மஞ்சள் இல்ல, நான் செஞ்ச பொடி. விஷம்,” என்று சொல்லி வயரைப் பிடுங்கினேன். கன்னியம்மா மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா மா, எங்க ஊட்ல இத்த பார்த்தா உனுக்குக் கண்ணு உறுத்துதா? மொதலாளி பொட்டு வெச்சுக் குட்த்தது.”

“உறுத்துது. வயரை விடுங்க.”

அவள் விடவில்லை. நாகவல்லிதான் தம்ளரை மெல்லத் தரையில் வைத்தாள்.

“பூஜைலேர்ந்து தெனம் குட்ச்சிகினு கீறேன் கா,” என்றாள். “உன் கழுத்துல கீற மாதா மேல சத்தியமா சொல்லு. கொயந்திக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

எந்தச் சூட்டில் எந்த நிறம் வரும் என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். இது எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்பிவிடுவாள், நிம்மதியாகத் தூங்குவாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா,” என்றேன்.

கன்னியம்மாவின் கை வயரை விட்டுவிட்டது.