மேலே இருப்பவனின் பழி

குர்ஸி என்ற மலையூரின் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: நான்கு குடிகளின் பெரியவர்கள், காது சரியாகக் கேட்காத பாதிரியார், செத்துப்போன பாஷ்க்கின் தம்பி வுக்சன் (துப்பாக்கியோடு), லுலாஷ் (துப்பாக்கி இல்லாமல்), நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட அவனுடைய அப்பா ப்ரேக், அப்புறம் தலைக்கு மேலே விமானத்தில் வட்டமடித்துக்கொண்டு லுலாஷின் அண்ணன் மராஷ். மராஷ் கடைசியாகத் தரையிறங்கி மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. அவன் விமானத்தில் பெட்ரோல் முதல் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிட்டது. அவனை வந்தவர்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. மேலே இருப்பவன் வந்தவன் ஆகமாட்டான் என்று முடிவானது. 

கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது ஊர்க்காரர்கள் மாடுகளையும், கூரைத் தகரங்களையும், கதவு ஜன்னல்களையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அங்கே வயலுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்த மராஷ், மருந்து தெளிக்கும் விமானத்தை எடுத்துக்கொண்டான். இரட்டை இறக்கை, கிழிந்த இருக்கை, உள்ளே இன்னும் போகாத பூச்சிமருந்து நாற்றம். தெளிக்க வயல் இல்லாததால் சும்மா பறந்தான். பனி பெய்து ஓய்ந்த காலைகளில் மலைகளுக்கு மேலே போய், சாராயம் குடித்தவன் முகத்தோடு திரும்பிவந்தான். அடுத்த பள்ளத்தாக்கில் ஒருத்தியை வைத்திருக்கிறான் என்றுதான் அவன் மனைவி துராண்டே நினைத்தாள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். ஒரு பிப்ரவரியில், வெறும் சந்தோஷத்தில், மணமகள் சிகரத்தின் சரிவில் சக்கரம் உரச விமானத்தை ஓட்டினான். வெள்ளையில் இரண்டு கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளிலிருந்து பனி பிய்ந்துகொண்டு இறங்கி, கீழே வைக்கோல் இழுத்துவந்த பாஷ்க்கை மூடியது. வசந்தம் வந்த பிறகுதான் உடல் கிடைத்தது. வேண்டுமென்று செய்தானா என்று இந்த மலைகளில் யாரும் கேட்பதில்லை. மராஷ் திரும்பியபோது புல்வெளியின் கோடியில் வுக்சன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். மராஷ் பார்த்தான், மூக்கைத் தூக்கி மேலே போனான். அன்றைக்குப் போனவன்தான்.

வழியில் பழி வாங்கலாம், வயலில் வாங்கலாம், ஆற்றங்கரையில் வாங்கலாம். வீட்டுக்குள் இருப்பவனைத் தொடக்கூடாது. வானத்தைப் பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. வுக்சன் சுட்டுப் பார்த்தான். குண்டுகள் பாதி தூரம் போய், மனம் மாறியதுபோல் திரும்பி விழுந்தன. பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் சத்தம் நின்ற வாரத்தில்தான் சோளமாவு விலை இரட்டிப்பானது. ஊர் மாவைப் பற்றியே பேசியது. துராண்டே வைக்கோல் கவையின் நுனியில் ரொட்டியைக் குத்தி, மொட்டைமாடியில் நின்று உயர்த்திப் பிடிப்பாள். மராஷ் சத்தமில்லாமல் தாழ்ந்து வந்து பறித்துக்கொண்டு போவான். முதல் ஆண்டு வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டான். இரண்டாம் ஆண்டு, அங்கே மேலே வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னான். மூன்றாம் ஆண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றான். துராண்டே கவையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் ரொட்டி சுட்டாள்.

வுக்சனுக்கு அந்த மூன்று ஆண்டும் எந்த வீட்டிலும் காப்பிக் கோப்பையைக் கையில் கொடுக்கவில்லை. அண்ணனுக்குப் பழி வாங்காதவனுக்கு, கொடுப்பவர் தன் முழங்காலுக்கு அடியில் நீட்டுவதுதான் வழக்கம். அவன் குனிந்து வாங்கிக் குடித்தான். நல்ல மனிதன்தான். அடியில் குடித்த காப்பி அவனை வேறு மாதிரி ஆக்கியிருந்தது.

கூட்டத்தின் தீர்ப்பு எளிதாக இருந்தது. தரையைத் தொடாதவன் செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. ரத்தப்பழி காற்றில் தொங்காது, அடுத்த ஆண்மேல் இறங்கும். அடுத்தவன் லுலாஷ். லுலாஷுக்கு நகரத்தில் டயர் கடையில் வேலை. வரும் மார்ச்சில் ம்ரிகா என்ற பெண்ணோடு கல்யாணம். இனி அப்பாவின் கற்கோபுர வீட்டுக்குள் போய், கையகல ஜன்னல்களுக்குப் பின்னால் உட்காரவேண்டும். பக்கத்துக் குடியில் ஒருவன் அப்படி உட்கார்ந்து இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

"நானும் இல்லாமப் போனா?" என்று லுலாஷ் கேட்டான்.

"உங்கப்பா இருக்காரே," என்றார் ஒரு பெரியவர்.

"அவரால நடக்கவே முடியாது."

"நடக்கலன்னாலும் ஆம்பளதான?" என்றான் வுக்சன். "ஓடமாட்டாரு, அவ்வளவுதான்."

சிலர் சிரித்தார்கள். ப்ரேக்கும் சிரித்தார். பொழுது சாயும்வரை யாரும் யாரையும் தொடுவதில்லை என்று வுக்சன் வாக்குக் கொடுத்தான்.

லுலாஷ் மொட்டைமாடிக்கு ஓடினான். ரொட்டி நேரம் என்று நினைத்து மராஷ் தாழ்ந்து வந்தான்.

"அண்ணே, எறங்கு! சக்கரம் ஒருதடவ தரையில பட்டாப் போதும், பழி உன்கிட்ட வந்துரும். அப்புறம் நீ வீட்டுக்குள்ள ஓடிரு. நான் கல்யாணம் பண்ணிக்கறேன்!"

"இன்னைக்கா?" என்றான் மராஷ், உண்மையிலேயே யோசித்தபடி. "இன்னைக்கு வடக்கால மேகமே இல்லடா. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு நான் உள்ள இருப்பேன்!"

"அப்ப ஏறிக்க. பக்கத்துல எடம் காலியாத்தான் கெடக்கு."

அடுத்த சுற்றில் கீழ் இறக்கை மாடியை உரசிக்கொண்டு வந்தபோது லுலாஷ் கம்பியைப் பிடித்துத் தொங்கி, உள்ளே ஏறிவிட்டான். அப்பாவை நினைத்தானா என்று பின்னால் பலர் கேட்டார்கள். நினைக்கவில்லை.

சத்தமே இல்லை. மலைமுகடு எழுந்து வந்தது, அவர்கள் அதைத் தாண்டினார்கள், அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத வெள்ளை. வெயில் பட்ட பக்கம் பனி மஞ்சளாகவும் நிழல் பக்கம் நீலமாகவும் இருந்தது. அந்த இரண்டும் சேரும் கூர்மையான கோட்டின்மேல் மராஷ் விமானத்தைக் கத்திமேல் விரல் வைப்பதுபோல் ஓட்டினான். காற்று தூக்கியது, வயிறு கீழே நின்றது, உடம்பு மேலே போனது. லுலாஷ் சிறு வயதுக்குப் பிறகு சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தான். டயர் கடை போனது. வுக்சன் போனான். ம்ரிகாவின் முகத்தை நினைத்துப் பார்த்தான், மூக்கு நினைவுக்கு வரவில்லை, அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பெட்ரோல் இல்லாமல் இது எப்படிப் பறக்கிறது என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. விடவேண்டியதை விட்டால் போதும், எடை போய்விடுகிறது.

திரும்பி வரும் வழியில் ஊர் தெரிந்தது. சிந்திய மிளகுபோல் சில புள்ளிகள். வீட்டு முற்றத்தில் ஒரு புள்ளி நாற்காலியில் இருந்தது, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரின்மேல் இன்னொரு புள்ளி, மடியில் துப்பாக்கியோடு, சூரியனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ப்ரேக் லுலாஷைப் பார்த்து ஒருநாளும் கை ஆட்டியவர் இல்லை. இப்போதும் அவர் ஆட்டியது மராஷுக்குத்தான். ஆனாலும் விமானத்தின் மூக்கு தாழ்ந்தது.

"என்னடா பண்ற?" என்றான் மராஷ். "கனக்குற நீ."

"அப்பா கீழ இருக்காருண்ணே."

"யாரு?"

"நம்ம அப்பா! பொழுது சாஞ்சா சுட்டுருவாங்க."

மராஷ் கீழே எட்டிப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. வண்டியில் அரிசி மூட்டை அதிகம் ஏற்றிவிட்டதைக் கண்ட ஓட்டுநரின் முகம்தான் இருந்தது. விமானம் தேவதாரு மரங்களின் நுனிவரை இறங்கிவிட்டது.

"வேற எதாச்சும் நெனைடா."

"முடியலண்ணே."

"அப்ப எறங்கு," என்று சொல்லி, மராஷ் கதவைத் திறந்து, இடுப்பில் காலை வைத்து அவனைத் தள்ளிவிட்டான்.

புல்வெளியில் மார்பளவு பனி கிடந்ததால் லுலாஷுக்கு ஒரு விலா எலும்பு மட்டும்தான் உடைந்தது. நிமிர்ந்தபோது விமானம் சிகரத்துக்கு மேலே, முன்னைவிட லேசாக, போய்க்கொண்டிருந்தது. சூரியன் முகட்டைத் தொட இரண்டு விரல் இடைவெளி இருந்தது. சுவரிலிருந்து இறங்கி வுக்சன் வந்து அவனைத் தூக்கிவிட்டான். வாக்கு முடியும்வரை லுலாஷைக் காப்பாற்றுவதும் அவன் பொறுப்புதான்.

"வாங்க லுலாஷ். தோள்ல கை போட்டுக்கங்க. வலிக்குதா?"

"சிரிச்சா வலிக்குது."

"இனிமே அந்தத் தொந்தரவு இருக்காது," என்று சொல்லிவிட்டு வுக்சன் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து அவன் வாயில் வைத்தான். "மேல எப்படி இருந்துச்சு?"

லுலாஷ் சொல்லத் தொடங்கினான். முகடு, நீல நிழல், வயிறு கீழே நின்றது. வுக்சன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். பாதியில் நின்றான்.

"எங்கண்ணன் செத்ததும் இதுக்காகத்தான், இல்ல?"

"ஆமா."

"பரவால்ல. நல்லாத்தான் இருக்கும் போல," என்றான் வுக்சன். 

அதற்குள் ப்ரேக்கை நாற்காலியோடு உள்ளே இழுத்திருந்தார்கள். வாசலில் துராண்டே சாவியோடு நின்றாள். லுலாஷ் தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மனதில் வைத்துக்கொள்ளும்படி அங்கே ஒன்றுமில்லை. ஒரு கோழி, சாணம், உருகிய பனி. குனிந்து உள்ளே நுழைந்தான்.

இருட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏன்டா எறங்குன? அவனுக்கு ஒரு தொணையா இருந்திருக்கலாம்ல?"

"கனத்துட்டேன்பா."

"நீ எப்பவும் அப்படித்தான்," என்றார் ப்ரேக்.

வெளியே வுக்சன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கைக்கு மாற்றிக்கொண்டான். கூரைக்கு மேலே ஏதோ ஒரு நிழல் சத்தமில்லாமல் கடந்து போனது. மாடுகளைக் கொட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தது. துராண்டே லுலாஷின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.