சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ்

என் கணவருக்கு எதைக் கண்டாலும் பெயின்ட் அடிக்க வேண்டும். தொழிலே அதுதான், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். டப்பாவின் அடியில் மிஞ்சியதை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசுவார். வாளிப் பிடி, கட்டில் கால், குடையின் கைப்பிடி, எல்லாம் ஒரே சிவப்பு. ஒருமுறை வெளிக்கதவுப் பூட்டுக்கும் அடித்தார். காய்ந்தபிறகு சாவி உள்ளே போகவில்லை. "இனிமே துருவே பிடிக்காது பாரு" என்றார், பூட்டிய வீட்டுக்கு வெளியே என்னோடு நின்றுகொண்டு.

அவர் இறந்து சில மாதங்கள் கழித்து, அவருடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்று என் கொழுந்தன் பேச்செடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டிக்கு உதைத்துக் கிளப்பும் கிக்கர் கிடையாது. பொத்தானை அமுக்க வேண்டும், அதற்குப் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் இருக்காது. அண்ணன் ராஜா மாதிரி மேலே உட்கார, தம்பி பின்னால் நின்று தள்ளுவதைத் தெருவே பார்த்திருக்கிறது.

"அண்ணி, நான் இந்த வண்டியில போனதவிட இதுக்குப் பின்னால ஓடினதுதான் அதிகம். போதும்."

"அது இல்லைன்னா நான் வேலைக்கு ரெண்டு பஸ் மாறணும் தம்பி. எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே."

"ஓட்டத் தெரியும் சரி. தள்ளத் தெரியுமா?"

பஸ் என்பது வெளியே சொன்ன காரணம். என் கணவர் விட்டுப்போனவற்றில் சத்தம் போடக்கூடியது அது ஒன்றுதான் என்பதை நான் சொல்லவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிறு காலை, பழைய வண்டிகளை வாங்குகிறவர் வருவார். அவர் எதிரில், யாரும் தள்ளாமல், பொத்தானிலேயே கிளம்பினால் வண்டி எனக்கு. இல்லாவிட்டால் அவருக்கு.

அன்று மெக்கானிக்கை முன்னதாகவே வரவழைத்தேன். கடையில் நிறைய சார்ஜ் ஏற்றிய பேட்டரியை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியில் மாட்டிப் பொத்தானை அமுக்கினார். 'கடக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

"பேட்டரி, அண்ணன் இருந்தப்ப வாங்கினது, புதுசு. சார்ஜை அளவா அனுப்புற ரெகுலேட்டரும் நான் மாத்திட்டேன். இனிமே மாத்தணும்னா ஓட்டுற ஆளைத்தான்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆளும் மாறியாச்சு. அடுத்ததைப் பாருங்க" என்றேன்.

கொழுந்தன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நிமிடம் மெக்கானிக் அவரையே கூப்பிட்டார். இன்ஜின் ஓடினால்தான் சோதிக்க முடியுமாம், ஒரு தள்ளு வேண்டுமாம். "சாகுற வரைக்கும் எனக்கு இதுதான்" என்று முனகியபடி அவர் தெருமுனை வரை தள்ளினார். வண்டி கிளம்பியது. மெக்கானிக் அதை ஓட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். கொழுந்தன் நடந்து வந்தார்.

ஓடுகிற இன்ஜினில் மெக்கானிக் மீட்டரை வைத்தார். பேட்டரிக்கு வரும் வயரின் முனையில் அதன் ஊசியைக் குத்தினால் முள் மேலே எழும்பியது. அந்த முனை முடுக்கப்பட்டிருந்த பேட்டரியின் ஈயக் கொம்பில் குத்தினால் கீழே இறங்கிவிட்டது.

"அக்கா, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வர மாட்டேங்குது."

"யாரு?"

"கரன்ட்டு."

"எங்க சொந்தக்காரங்க மாதிரியா?" என்றார் கொழுந்தன், மூச்சு வாங்கியபடி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "போல்ட் டைட்டா இருக்கு. துரு இல்ல. வெள்ளையா பூக்குமே, அந்தப் பவுடரும் இல்ல. இவ்வளவு சுத்தமான டெர்மினலை நான் பார்த்ததே இல்ல. பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு, கம்பெனிக்காரனே அழகா பூசி அனுப்பியிருக்கான்."

நான் குனிந்து பார்த்தேன். வயரின் முனையில் இருந்த சிவப்பு, ஓரத்தில் லேசாக மேல்நோக்கிச் சுழித்து முடிந்திருந்தது. பிரஷ்ஷை எடுக்கும்போது என் கணவரின் மணிக்கட்டு அப்படித்தான் திரும்பும். எங்கள் வாளிப் பிடியிலும் அந்தச் சுழி உண்டு.

"கம்பெனி இல்ல. இது நம்ம வீட்டு வேலை" என்றேன்.

மெக்கானிக் இன்ஜினை நிறுத்திவிட்டுப் போல்ட்டைக் கழற்றினார். மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. முனைக்கு அடியிலும் பெயின்ட். கொம்பின் மேலும் பெயின்ட். இரண்டும் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டிய இடத்தில் பளபளவென்று இரண்டு கோட்.

"அடப்பாவி மனுஷா!" என்றார் மெக்கானிக். "பேட்டரியை அண்ணனே வாங்கிட்டு வருவாரு, நான் கம்பெனி கலர்னே நெனச்சேன். கடையில சார்ஜர் கிளிப்போட பல்லு பெயின்டைக் கடிச்சுட்டு சார்ஜ் ஏத்திடும். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் கழட்டிப் பூசிட்டு முறுக்கியிருக்காரு! முறுக்கிட்டுப் பூசியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்."

கொழுந்தன் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான் இத்தன வருஷமா தள்ளினது வண்டியை இல்ல. பெயின்டை."

பழைய வண்டி வாங்குகிறவர் அப்போதுதான் வந்தார். மெக்கானிக் உப்புத்தாளை எடுத்தார். நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பும் கறுப்பும் தூளாக விரலில் ஒட்டியது. என் கணவரிடம் இவ்வளவு நேரம் இவ்வளவு பொறுமையாகச் சண்டை போட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஈயம் வெள்ளி மாதிரி மின்னியதும் வயர் முனையின் ஓரத்துச் சுழிக்கு வந்து கை நின்றது.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "அது மேல்பக்கம்தானே அக்கா. அங்க இருந்தா ஒண்ணும் பண்ணாது. விடுங்க."

விட்டேன்.

பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் மாட்டி நன்றாக முடுக்கினார். அதற்கு மேலே வாஸ்லைன் தடவச் சொன்னார். அலமாரியிலிருந்து கணவரின் பிரஷ் ஒன்றை நான் எடுத்துவந்ததும் மெக்கானிக் பதறி அதை மோந்து பார்த்தார். பெயின்ட் இல்லை என்று உறுதியானபிறகுதான் தொட விட்டார்.

பொத்தானை அமுக்கினேன். கடக் இல்லை. முதல் அமுக்கிலேயே பிடித்துக்கொண்டது. மீட்டரின் முள் இப்போது கொம்பிலும் எழுந்து நின்றது. "உள்ள வந்துடுச்சு!" என்று மெக்கானிக் கத்தினார்.

"ஓட்டைன்னு சொன்னீங்க, ஜம்முனு இருக்கே. சொன்ன விலைக்கு மேலயே தரேன்" என்றார் வாங்க வந்தவர்.

 கொழுந்தன் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். "விக்கிறதுக்கில்லைங்க."

கொழுந்தனை அவர் வீட்டில் இறக்கிவிட நானே ஓட்டினேன். பின்னால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி, மூச்சுக்கு ஒரு தடவை "மெதுவா அண்ணி" என்றார். நாற்சந்தியில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். இன்ஜின் நின்றது. பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. நான் திரும்புவதற்குள் மனிதர் குதித்து இறங்கி, வழக்கம்போல இரண்டு கையையும் வண்டியின் பின்னால் ஊன்றிக் கண்ணை மூடித் தள்ளத் தொடங்கியிருந்தார்.

நான் பொத்தானை அமுக்கினேன்.

"அண்ணி! நில்லுங்க அண்ணி!"

சாலையைக் கடந்து ஓரமாக நிறுத்தினேன். அவர் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினை அணைக்கவில்லை. சார்ஜ் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.