சன்னல் திட்டில் ஓர் ஈர வளையம்

ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்து போடியில் கட்டிய தர்ம ஆஸ்பத்திரியில், நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக்கல் ஆள் உயரம். மருந்து கொடுக்கும் சன்னல் ஒரு முழம். அதற்குப் பின்னால் ராஜாராம் உட்கார்ந்திருந்தார். "கம்பவுண்டர்" என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. "பார்மசிஸ்ட் சார்" என்றால் உடனே கேட்கும். அந்தச் செவிட்டுக்கு அலமாரியில் மருந்து இல்லை.

அவர் போட்ட சட்டம் இரண்டு. பாட்டில் கொண்டுவராதவர்களுக்கு மிக்சர் மருந்து கிடையாது. பன்னிரண்டுக்குச் சன்னல் சாத்தப்படும். நோய் மறுநாள்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன அடைமழையில், மலைத்தோட்டத்தில் ஏலம் பறிக்கிற மாயக்காள் இருமிக்கொண்டே இறங்கி வந்தாள். பாட்டில் இல்லை என்று விரட்டிவிட்டார். மறுநாள், செடிக்குத் தெளிக்கிற மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த காலிப் பாட்டில் ஒன்றைப் பொறுக்கிவந்து திட்டில் 'டொக்' என்று வைத்தாள்.

"நல்லாக் கழுவிட்டேன் சார்."

பூண்டு நாற்றம் மூக்கில் ஏறியது. பூச்சிமருந்து என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரம். சிவப்பு மிக்சரை ஊற்றிக் கொடுத்துச் சன்னலைச் சாத்தினார்.

மருந்தைக் குடித்துவிட்டுத் தோட்டத்து ஜீப்பில் மலையேறியவள், போடிமெட்டை எட்டுமுன் செத்துப்போனாள். கொண்டையூசி வளைவில் முனி அடித்துவிட்டது என்றது ஊர். ராஜாராம் மறுக்கவில்லை. முனிக்காக வாதாட வக்கீல் யாரும் வரப்போவதில்லை.

அன்றிலிருந்து, சன்னல் சாத்தியதும் வெளியே 'டொக்'. திறந்தால் ஆள் இருக்காது. சிமெண்டுத் திட்டில் பாட்டிலின் அடி அளவுக்கு ஓர் ஈர வளையம் இருக்கும். துடைத்தால் கை பூண்டு நாறும்.

கமிட்டித் தலைவர் ஜக்கையன் காதுக்குச் சேதி போனது. "நம்ம ஆஸ்பத்திரியில பேயா? கமிட்டி அனுமதிக்காதுப்பா," என்றார். கமிட்டியின் முடிவை மாயக்காளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும். தினமும் வந்தாள்.

தை மாதம் ஒருநாள், சாத்துகிற நேரத்தில் திட்டில் 'டொக்'. ராஜாராமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தடவை ஆள் இருந்தது. அதே தோட்டத்து அன்னக்கொடி, இடுப்பில் பிள்ளையோடு.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்தாக சார். புள்ளைக்கு விடியக்காலமிருந்து வாந்தி. வெரசா ஊத்துங்க, ஜீப்பு போயிரும்."

பூண்டு நாற்றம்.

"இந்தப் பாட்டில் எங்க எடுத்த?"

"கொட்டகைக்குப் பின்னாடிதான். நல்லாக் கழுவிட்டேன் சார். ராத்திரி புள்ளைக்குக் கஞ்சித்தண்ணிகூட இதுலதான் குடுத்தேன்."

எட்டிப் பார்த்தார். பிள்ளையின் வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சுருளிவேலுக்குப் பொறுமை போனது. "என்ன சார், ஏலக்காய் வாங்குற மாதிரி மோந்து பாக்குறீக? எங்களுக்கும் ஊத்திவிட்டுச் சாத்துங்க, சாப்பாடு ஆறிரும்ல?"

டாக்டரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். சொல்லாவிட்டால் இன்னொரு முனி. ராஜாராம் கதவைத் திறந்து வெளியே வந்தார், பிள்ளையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினார். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பாட்டில். அவிழ்ந்த வேட்டியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

"வயித்துக்கோளாறுதான் கம்பவுண்டர், எழுதிக் குடுத்துட்டேனே," என்றார் டாக்டர் லில்லி.

காது கேட்டது.

"இல்லம்மா. பூச்சிமருந்து. கண்ணைப் பாருங்க. பாட்டில மோந்து பாருங்க."

டாக்டர் முகர்ந்தார். முகம் மாறியது. "இந்த நாத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாயக்காளுக்கும் இப்படி ஒரு பாட்டில்லதான் ஊத்துனேன். தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"விஷமுறிவுக்கு அட்ரோபின் இருக்கா?"

"இருக்கு."

"கொண்டா. ஓடு."

ஓடினார். ஊசிமேல் ஊசியாக ஏறியது. பொழுது சாயும்போது பிள்ளை கண்ணை நன்றாகத் திறந்து அழுதது. அன்னக்கொடியும் அழுதாள்.

மாயக்காள் விஷயம் கமிட்டிக்குப் போனது. ஜக்கையன் நெடுநேரம் யோசித்தார். "முனி அடிச்சதாவே இருக்கட்டும்பா. வெளிய தெரிஞ்சா நன்கொடை நின்னுபோகும்," என்று தீர்ப்புச் சொன்னார். இனி பாட்டிலும் ஆஸ்பத்திரியே கொடுக்கட்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தார். காலிப் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. மதுவை ஒழிக்க மேடை மேடையாகப் பேசுகிற கமிட்டி உறுப்பினர்களின் கொல்லையிலேயே கூடை கூடையாகக் கிடைத்தது. ராஜாராம் வேகவைத்து அடுக்கினார்.

மறுநாள் பன்னிரண்டுக்கு அவர் சன்னலைச் சாத்தவில்லை. திட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'டொக்.'

யாரும் இல்லை. வெறும் சிமெண்டில் வளையம் மெல்ல நனைந்து வந்தது.

"வேகவச்ச பாட்டில் இருக்கு ஆத்தா," என்றார். சிவப்பு மிக்சரை ஊற்றி வளையத்தின்மேல் வைத்தார். அது சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. இனிப்பு மருந்துதான், ஓர் எறும்புகூட அண்டவில்லை. அடுத்த நாள் அதன் பக்கத்தில் இன்னொரு வளையம்.

இப்போதெல்லாம் மருந்து தீர்ந்து மறுபடி வாங்க வருகிறவர்கள், அந்த இடத்தை விட்டுத் தள்ளியே ஆஸ்பத்திரிப் பாட்டிலை வைக்கிறார்கள். தள்ளி வைக்கும்படி ராஜாராம் யாருக்கும் சொல்லவில்லை.