பிரகதீஸ்வரி கேட்ட சம்பளம்

புதுக்கோட்டையில் ஓர் எலும்பு மருத்துவமனை பிரகதீஸ்வரியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. பேச வேண்டியது சம்பளம் மட்டும்தான்.

அவள் பிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டருக்கு முன்னால் நோயாளியைப் பார்த்து விவரம் கேட்பது, ஆபரேஷனில் பக்கத்தில் நின்று உதவுவது, பிறகு வார்டில் காயத்தைக் கவனிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணமாகி ஆலங்குடிக்கு வந்தபிறகு, தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளே ஓய்ந்துபோகிறாள்.

சம்பளம் பேசப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கணவன் வெற்றிசெல்வன் மேனேஜர் மாதிரி உட்கார்ந்து பேரம் பேசிப் பார்த்தான். அவன் என்ன தொகை சொன்னாலும் இவள் "சரிங்க சார்" என்றாள்.

"சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணியாச்சும் குடி பிரகதி!" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் நிஜ மேனேஜர் சந்திரசேகர் எடுத்த எடுப்பிலேயே, "பதினெட்டாயிரம் தர்றோம்மா. நம்ம ஊருக்கு இது நல்ல சம்பளம்" என்றார்.

'சரி' தொண்டை வரை வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"நான் இருபத்தெட்டு எதிர்பார்க்குறேன் சார்."

"இதுக்கு முன்னாடி இருந்த பொண்ணு பதினாறுக்குத்தாம்மா பார்த்துச்சு."

"அவங்க எத்தனை மாசம் இருந்தாங்க சார்?"

"அது... நாலு மாசம்."

"அதுக்கு முன்னாடி இருந்தவங்க?"

சந்திரசேகர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இப்படிக் கேட்கவேண்டும் என்று அவள் யோசித்தே வரவில்லை. கேட்டபிறகு தைரியம் வந்துவிட்டது.

"நீங்க வேலையச் சொல்லிக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள ஆள் போயிடுது. நான் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதியே தாரேன் சார். வந்த அன்னைக்கே ஆபரேஷன் தியேட்டர்ல நிப்பேன்."

அவர் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தலைமை மருத்துவர் விசாலி, ஆபரேஷன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன்ல நின்னுருக்கியாம்மா?"

"நெறைய மேடம். போன வாரங்கூட."

"அடுத்த மாசம் எனக்கு வரிசையா இருக்கு. சந்திரசேகர், என்னதான் சொல்றீங்க?"

"இருபத்து நாலு வரைக்கும் போகலாம் மேடம்."

"இருபத்தாறு மேடம்," என்றாள் பிரகதீஸ்வரி. "ராத்திரி கூப்பிட்டா அதுக்குத் தனியா."

விசாலி மேனேஜர் பக்கம் திரும்பினார். "போட்டுக் குடுங்க சந்திரசேகர்."

அவளுக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு, "இன்னொன்னு மேடம். பேட்ஜ்ல பதவிய முழுசாப் போடணும். எல்லாரும் சிஸ்டர்ங்கிறாங்க. அவங்க வேலை வேற, என் வேலை வேற" என்றாள்.

"அதுக்கு நாங்க காசு கேக்க மாட்டோம்," என்று விசாலி வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே ஜூஸ் கடை வாசலில் வெற்றிசெல்வன் வண்டியோடு நின்றான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போகத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"இருபத்தாறுங்க!" என்று அவள் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டான்.

"ஏறு, ஏறு. மொதல்ல சாப்புடப் போவோம்."

"ஒரு நிமிஷம் இருங்க." கூடப் படித்த பிளெஸ்ஸிக்குப் போன் போட்டாள். அவள் இன்னும் திருச்சியில்தான் வேலை பார்க்கிறாள். "ஏய் பிளெஸ்ஸி, ஒனக்கு அங்க எவ்வளவுடி தர்றாங்க? பத்தொன்பதா? இங்க பாரு, நாளைக்கே போய் ஒங்க மேனேஜர்கிட்ட உக்காரு. என்ன பேசணும்னு நான் சொல்றேன்."