வெள்ளிக்கிழமை சுழன்ற விசிறி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, அது தபாலில் வந்தது. ஜெர்மனியில் பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் ஒதுக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். படித்த விண்ணப்பங்களை அடுக்கினால் நிலாவைத் தொடும். (சரி, தேவாலயக் கோபுரத்தை.) ஓய்வுபெறப் பதினோரு நாள் இருக்கும்போது ஒரே ஒரு தாள் வந்தது. அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

2.

தொடக்கம் ஒன்று: "திங்கட்கிழமை காலை ஒப்புதல் கடிதம் வந்தது. பேராசிரியர் ரோஸ்விதா டீமே அதை மூன்று முறை படித்துவிட்டு, வேலையைத் தொடங்க..."

வேண்டாம். இப்படித் தொடங்கினால் எல்லோரும் யோக்கியர்கள். கதையே இல்லை.

3.

தொடக்கம் இரண்டு: அதற்கு முந்தைய வெள்ளி, மதியம். சாக்சனி மாநில மலையடிவாரத்தில் ஓலரின் விசிறித் தொழிற்சாலை, நாற்பது பேர் வேலை. வீட்டைச் சூடாக்கும் இயந்திரங்களுக்கு அங்கே விசிறி செய்கிறார்கள். அவை போடும் இரைச்சலில் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, ஆர்டர்கள் கரைந்துகொண்டிருந்தன. ரோஸ்விதா வரைந்த, சத்தமில்லாமல் பறக்கும் ஆந்தையின் சிறகு மாதிரி ஓரம் பிசிறிய இறக்கை மேஜைமேல் கிடந்தது.

"தொடாதீங்க ஓலர் சார். கடிதம் இன்னும் வரல.*"

"தொடலையே. மாட்டித்தானே பாக்கறேன்."

"மாட்டினா ஓட்டுவீங்க."

"மூணு வருஷமா கனவுல ஓட்டறீங்க, புரொஃபசரம்மா. ஒரு தடவை நெஜத்துல ஓட்டினா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

* விதி இது: ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடையாது. எங்கள் பணம் இல்லாமலே தொடங்க முடிந்தவருக்கு எங்கள் பணம் எதற்கு? இதைக் காட்டி நானே நூறு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் விசையைத் தட்டியது ரோஸ்விதாதான். சத்தமே இல்லை.

"கரன்ட் வரலையா?" என்று குனிந்த ஓலரின் தொப்பி பறந்தது. பிறகு நாட்காட்டி, காகிதங்கள், காபிக் கோப்பை, எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கே போயின. (கோப்பையும் மாவட்டமும் என் சேர்க்கை.) அத்தனை காற்று, துளி ஓசை இல்லை. பனி இறங்குவது போல. ரோஸ்விதா காற்றில் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார், எடுக்க மனமில்லாமல். ஓலர் வேலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது இரண்டாவது அதிசயம்.

4.

ஓட்டியதுகூடப் பெரிய தவறில்லை. ஓட்டி முடித்து, கை வழக்கப்படி, பதிவுத்தாள் எழுதினார்களே, அதுதான் தவறு. தேதி, மணி 14.10, அறை வெப்பம், இரைச்சல் அளவு, இரண்டு கையெழுத்து, முத்திரை. திருடிவிட்டு ரசீது போட்டுக் கொடுக்க எங்கள் நாட்டு ஆட்களால்தான் முடியும்!

திங்களன்று கடிதம் வந்தது. ஓலர் அந்தத் தாளை நீட்டினார்.

"கிழிச்சிடுங்க. இன்னைக்கு ஓட்டி, புதுசா எழுதிக்கலாம்."

"என் கையெழுத்து இருக்கு."

"அதனாலதாம்மா கிழிக்கச் சொல்றேன்! பணம் போனா என் நாப்பது பேரும் தெருவுல. ஒரு தடவை சுத்தினா ஆச்சா? பனியில உறையணும், மழையில நனையணும், பத்து வருஷம் தாங்கணும்."

"தெரியும். ஆனா முதல் தடவை ஓடினது வெள்ளிக்கிழமை. இனிமே எத்தனை தடவை ஓடினாலும் அது முதல் தடவை ஆகாது."

(இங்கே அவர் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். அழுகிற ஆள் இல்லை.) தாளை உறையில் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

5.

நேரில் போனேன். ஓட்டிக் காட்டினார்கள். என் மூக்குக்கண்ணாடி பறந்தது. இது சத்தியமாக நடந்தது. பலிக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக, ரொட்டிக்கடைக்காரி கட்டிய வரியை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு நாடே காத்திருக்கிறது என்பதை, முப்பத்தொரு வருடம் கழித்து, அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தேன்.

"ஒரு தடவை சுழன்றது தொடக்கமா?" என்று கேட்டேன்.

"எட்டிப் பாத்தோம் சார், அவ்வளவுதான்," என்றார் ஓலர்.

"எனக்கு அதுதான் தொடக்கம்," என்றார் ரோஸ்விதா.

6.

மூன்று முடிவு எழுதினேன். எதையும் வைத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் கேட்பது முடிவை அல்ல, தொடக்கத்தை. கதை முதல் தொடக்கத்தில், திங்களன்று, தொடங்கினால் பணமும் நாற்பது பேர் வேலையும் தங்கும். ஆனால் அந்த மதியம் நடக்கவே இல்லை, நீங்களும் பார்க்கவில்லை. இரண்டாவதில், வெள்ளியன்று, தொடங்கினால் பார்த்தீர்கள். அதற்கான விலையை அவர்கள் கொடுப்பார்கள்.

எதுவானாலும் சொல்லுங்கள், பதிந்துகொள்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

தொடக்க எண்: ........ தேதி: ........ மணி: ........ உங்கள் கையெழுத்து: ........